சதுரங்கத்தை வெறுத்தவர்கள்

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள், சிங்கப்பூரில் நடந்த போட்டியில், சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ், சீன நாட்டு வீரர் டிங் லிரெனை வென்று சதுரங்க உலகின் முதல்வரானார். அச் செய்தி வந்த நாள் தொட்டு, சுங்கைப்பட்டாணி போன்ற பட்டணங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம்மவர் அதனைத் தம் வீட்டு வெற்றியாகவே கொண்டாடி வருகின்றனர். அது தக்கதே. ஆயின், கொண்டாடுகின்றவர்களை நோக்கி, “வாருங்கள், ஓர் ஆட்டம் ஆடுவோம்” என்று பலகையை விரித்தால், அமர்வோர் சிலர், நழுவுவோர் பலர். ஒருவர் தமக்குப் பொறுமையில்லை என்பார். மற்றொருவர் அது பொழுதைத் தின்னும் ஆட்டம் என்பார். வேறொருவர் அது படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியதென்பார். இன்னுமொருவர் ஒன்றும் சொல்லாமலே எழுந்து போவார். முன்பொருநாள் தோற்ற கசப்பு அவர் நெஞ்சில் இன்னும் இருக்கும்.

இவ் வெறுப்பைச் சோம்பல் என்றோ அறிவுக் குறைவு என்றோ ஒதுக்கிவிடுவது சதுரங்கப் பிரியர்களின் வழக்கம். நாம் அவ்வாறு ஒதுக்க ஒருப்படோம். சதுரங்கம் எத்துணைப் பழமையுடையதோ, ஏறக்குறைய அத்துணைப் பழமையுடையது அதன்மீது கொண்ட வெறுப்பும். அரசரும், மதத் தலைவரும், இல்லத்தரசியரும், ஏன், அவ்வாட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ஒருவருமே அதனை வெறுத்திருக்கின்றனர். அவர்கள் எக்காரணம் பற்றி வெறுத்தனர் என்று வரலாற்றைக் கேட்போமாயின், அவ் வெறுப்புகளுள் எவை நாம் மதிக்க வேண்டியவை, எவை நாம் கடந்தாக வேண்டியவை என்பது புலனாகும்.

முதற்கண் ஆட்டத்தின் பிறப்பைச் சுருக்கமாகக் காண்போம். சதுரங்கம் என்பது நான்கு உறுப்புகளையுடையது என்று பொருள்படும் வடசொல். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையை அது குறிக்கும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னனின் அவையில் இருந்த பாணர் தாம் இயற்றிய ஹர்ஷ சரிதத்தில் இவ்வாட்டத்தைச் சுட்டியிருக்கிறார். இந்தியாவினின்று அது பாரசீகம் சென்றது. பாரசீகத்தினின்று அரபு நாடுகளுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவிற்கும் சென்றது. கிழக்கே கடல் கடந்து நாம் வாழும் இம் மலாய் மண்ணுக்கும் வந்தது.

மெர்போக் ஆற்றின் கரையில் வாழும் நமக்கு இவ் வரவைப் பற்றிச் சிறிது பேச உரிமையுண்டு. பூஜாங் பள்ளத்தாக்கிற் கண்டெடுத்த பழைய கட்டட அடித்தளங்களையும், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்திய செய்தியையும் நம்மவர் மேடைதோறும் எடுத்தோதுவர். அப்படையெடுப்பைக் காட்டிலும் அமைதியான உறவுச் சான்றொன்று மலாய் மொழிக்குள்ளேயே உண்டு. மலாய்க்காரர் சதுரங்கத்தைச் ‘சாத்தூர்’ என்பர். அவர்களுடைய பலகையில் ராஜா உண்டு, மந்திரி உண்டு, யானையாகிய ‘காஜா’ உண்டு, குதிரையாகிய ‘கூடா’ உண்டு. மூலையில் நிற்கும் காய்க்குத் ‘தீர்’ என்பது பழம்பெயர். அது நம் ‘தேர்’ என்னும் சொல்லின் வழிவந்தது என்று மொழியறிஞர் கருதுவர். தேர்ப்படைகள் போர்க்களத்தினின்று மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. அயலார் பலகையில் நம் தேரின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவ்வாறு நாடு பல சுற்றிய ஆட்டம், சென்ற இடந்தோறும் அன்பரையும் பகைவரையும் பெற்றது. பகைவருள் முதல்வர் மதத் தலைவர்கள்.

அவர்களுடைய பகைக்கு ஒரு காரணம் இருந்தது. இன்று நாம் அறிந்த சதுரங்கத்தில் பகடைக்கு இடமில்லை. ஆயின், பழங்காலத்தில் பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்பக் காய் நகர்த்தும் வழக்கமும் இருந்தது. கி.பி. 1030ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றி அரிய நூலெழுதிய அல்பிரூனி, நால்வர் அமர்ந்து பகடை கொண்டு ஆடும் சதுரங்கத்தை விவரித்திருக்கிறார். பகடை வந்த இடத்தில் பந்தயம் வரும். பந்தயம் வந்த இடத்தில் வீடும் நிலமும் போகும். வள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதை நாம் அறிவோம். சூதின் தோழனாகச் சில காலம் நடமாடிய சதுரங்கம், சூதின் பழியையும் சுமக்க நேர்ந்தது.

ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். 1061ஆம் ஆண்டையொட்டி, கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலாகிய பீட்டர் டாமியன் என்பார், புளோரன்ஸ் நகரத்து மேற்றிராணியார் பயண விடுதியில் சதுரங்கமாடிக் கொண்டிருந்ததைக் கேட்டுச் சினந்தார். மேற்றிராணியாரோ, திருச்சபை விலக்கியது பகடையைத்தான், சதுரங்கம் வேறு, பகடை வேறு என்று வாதாடினார். டாமியன் அதனை ஏற்கவில்லை; பகடைக்கிட்ட தடையில் சதுரங்கமும் அடங்கும் என்றார். முடிவில் சங்கீதப் புத்தகத்தை மும்முறை ஓதவும், ஏழைகள் பன்னிருவரின் பாதங்களைக் கழுவி அவர்களுக்குக் காசு வழங்கவும் மேற்றிராணியாருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏழைகளுக்குக் காசு கிடைத்தது நன்று! ஆயினும் வழக்கில் நியாயம் மேற்றிராணியார் பக்கமே என்பது நம் கருத்து.

பின்னர் 1254ஆம் ஆண்டில் பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி, தம் அதிகாரிகள் பகடையோடு சதுரங்கமும் ஆடலாகாதென்று ஆணை பிறப்பித்தார். இஸ்லாமிய நாடுகளில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருந்து வந்தது. முற்றாக விலக்கியோரும் உண்டு. மலாய் நாட்டில் வழங்கும் ஷாபி மரபினரைப் போல, பந்தயமில்லாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் கடிந்து விலக்காதோரும் உண்டு. ஈரானில் 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் விழுந்த தடை 1988ஆம் ஆண்டில் நீங்கியது. ஆப்கானிஸ்தானத்தில் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தாலிபான் ஆட்சியினர் சூதாட்ட ஐயத்தைக் காட்டி மீண்டும் சதுரங்கத்தை நிறுத்தி வைத்தனர். ஆயிரம் ஆண்டு கழிந்தும் டாமியனின் வழக்கு முடிந்தபாடில்லை.

நம்மவர் இதனைக் கேட்டுப் பிறரை எள்ளி நகையாட வேண்டா. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்னும் பெயரால் ஒரு சிவன் கோயில் உண்டு. அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வெல்பவனுக்கே அவள் மனைவியாவாள் என்று தந்தை அறிவித்ததாகவும், சிவபெருமானே முதியவராய் வந்து ஆடி வென்று அவளை மணந்ததாகவும் தலபுராணம் கூறும். கடவுள் ஆடிய ஆட்டம் என்று பெருமை பேசுவோர், அவ்வாட்டத்தின் பந்தயப்பொருள் ஒரு பெண் என்பதை நினைப்பதில்லை. ஆடற் கலையிற் சிறந்த ஒரு பெண்ணைப் பரிசுப்பொருளாக வைத்து மகிழும் கதையைக் கேட்டு வளர்ந்த பெண்மக்கள் அப்பலகையின்மீது பற்றுக் கொள்ளாவிடின் அவர்களைக் குறை கூறலாகுமா?

நிற்க. பந்தயத்தை அடுத்து, சதுரங்கத்தின்மீது சுமத்தப்படும் இரண்டாவது குற்றம், அது கடமையை மறக்கச் செய்யும் என்பது. இக்குற்றச்சாட்டை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தவர் இந்தி, உருது மொழிகளின் பெருங் கதாசிரியர் பிரேம்சந்த். 1924ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சதுரங்க ஆட்டக்காரர்கள்’ என்ற அவருடைய கதையில், லக்னோ நகரத்துப் பிரபுக்கள் இருவர் இரவும் பகலும் காய் நகர்த்திக் கொண்டிருக்கின்றனர். வெள்ளைக்காரக் கும்பினி 1856ஆம் ஆண்டில் அயோத்தி நாட்டைக் கைப்பற்றி, நவாப் வாஜித் அலி ஷாவைச் சிறைகொண்டு போகிறது. நாட்டின் அரசன் பிடிபட்டதற்கு வருந்தாத அவ்விருவரும், பலகையிலுள்ள மர அரசனுக்காக வாளுருவி ஒருவரையொருவர் வெட்டி மாய்கின்றனர். பின்னர் 1977ஆம் ஆண்டில் சத்யஜித் ராய் இக்கதையைத் திரைப்படமாக்கினார். படத்தின் முடிவு சற்று வேறு.

அக்கதையில் ஒரு பிரபுவின் மனைவி, பொறுக்கமாட்டாமல் வந்து காய்களை வாரி எறிகிறாள். அவளைச் சதுரங்கம் அறியாத பேதை என்று எவரேனும் சொல்லத் துணிவரா? அவள் வெறுத்தது பலகையை அன்று. தன்னை நோய்ப்படுக்கையிலும் எட்டிப் பாராத கணவனை. சீட்டாட்டத்தை வெறுக்கும் தோட்டத்துத் தாய்மாரும் சீட்டுக் கட்டோடு பகை கொண்டவரல்லர். சம்பள நாள் இரவில் வீட்டுக்கு வராத பணத்தோடும், வராத ஆளோடுமே அவர்களுக்குப் பகை. பெண்ணும் பலகையின் முன் சரிநிகராய் அமரும் வீட்டில் இவ் வெறுப்பு வேரூன்றுவதில்லை. விசுவநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் கற்பித்தவர் அவருடைய தாயார் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க. சென்னை வைஷாலி 2023ஆம் ஆண்டில் கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்றதும், அவர் தம்பி பிரக்ஞானந்தா முன்பே அத்தகுதி பெற்றிருந்ததும் ஒரே வீட்டில் நடந்தவையே.

இதுகாறும் கூறிய இரண்டு வெறுப்பும் ஆட்டத்தைச் சூழ்ந்த தீமைகளைப் பற்றியவை. பந்தயத்தை நீக்கி, கடமையைப் பேணினால் அவை தாமே தேயும். மூன்றாவது வெறுப்பு ஆட்டத்தின் உள்ளியல்பைப் பற்றியது. நம் சமுதாயத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையதும் அதுவே.

பாரசீகத்துப் பழங்கதை ஒன்றுண்டு. இந்திய மன்னனொருவன் சதுரங்கத்தைப் பாரசீக அரசவைக்கு அனுப்பி, இதன் விதிகளைக் கண்டறியுங்கள் பார்ப்போம் என்று அறைகூவினான். பாரசீக அமைச்சன் அதனைக் கண்டறிந்ததோடு நில்லாமல், பகடை கொண்டு ஆடும் ‘நர்து’ என்னும் ஆட்டத்தை இயற்றி எதிர் அனுப்பினான். இவ்விரண்டு ஆட்டங்களையும் ஒப்பிட்டு அரபு நாட்டார் நெடுங்காலம் ஆராய்ந்தனர். 10ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியராகிய மசூதி ஒரு கருத்தைப் பதிந்து வைத்திருக்கிறார்: சதுரங்கத்தை இயற்றியவன் மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று நம்பியவனாவான், நர்தை இயற்றியவன் யாவும் விதியின் வழி என்று நம்பியவனாவான் என்பதே அது. அறிஞர் இருவர் மணிக்கணக்காக வாதிக்கும் பொருளை, விளையாட்டுப் பலகைகள் இரண்டு சொல்லாமற் சொல்லிவிட்டன.

நம் வீடுகளை நோக்குவோம். வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து நம் முன்னோர் ஆடியது பரமபதம். அதில் ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் ஆடுவோன் கையில் இல்லை. தாயக்கட்டையின் கையில் உள்ளது. எண்ணம் வேண்டா, முயற்சி வேண்டா. உருட்டினால் மோட்சம், உருட்டினால் நரகம்! தோற்றவன் “என் நேரம் சரியில்லை” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுவான். சதுரங்கத்தில் தோற்றவனுக்கு அவ்வாறுதல் கிடையாது. கட்டை இல்லை, நட்சத்திரம் இல்லை, ஏழரை நாட்டுச் சனி இல்லை. இருபுறமும் ஒரே அளவு படை, ஒரே சட்டம், எல்லாக் காயும் கண்முன்னே. தோற்றது தன் கணிப்பினால் என்ற உண்மை அவன் முகத்துக்கு நேரே நிற்கும்.

பிறந்தது முதல் தலையெழுத்தையே காரணங் காட்டப் பழகிய ஒருவனுக்கு இது பொறுக்கக் கூடியதன்று. படிப்பில் பிந்தினால் கிரகம், நோய் வந்தால் தெய்வக் குற்றம், கூலி குறைந்தால் பூர்வ சன்ம வினை என்று யாவற்றுக்கும் வெளியே ஒரு காரணம் வைத்திருந்தவனை, திடீரென்று, “உன் தவறு எட்டாவது நகர்த்தலில் நிகழ்ந்தது, பார்” என்று பலகை காட்டினால், அவன் பலகையை வெறுக்காமல் என் செய்வான்? ஆட்டத்தை வெறுப்போர் அனைவரும் இத்தகையோர் என்று நாம் சொல்லவில்லை. ஆயின், தோல்வியின் கசப்பால் வெறுப்போர் பெரும்பாலும் இதனாலேயே வெறுக்கின்றனர். இவ் வெறுப்பு நாம் கடந்தாக வேண்டியது. தன் தவறு இதுவென்று காணக் கற்றவன் அதைத் திருத்தவும் கற்பான். சனியைத் திருத்தியவன் உலகில் எவனும் இலன்.

நான்காவதாக, சதுரங்கம் மேன்மக்களின் ஆட்டம், நமக்கு உரியதன்று என்னும் தயக்கம் உண்டு. இத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. பலகையில் அரசன் பின்னே காவலுக்குள் நிற்கிறான். காலாள் முன்னே நின்று முதலில் வெட்டுப்படுகிறான். மாளிகைகளில் பிறந்து மாளிகைகளில் வளர்ந்த ஆட்டத்தைக் குடிசையில் வாழ்வோன் ஐயத்தோடு பார்ப்பது இயல்பே. எனினும், இதனைச் சாக்காகக் கொண்டு, உழைக்கும் மக்களுக்கு எண்ணி ஆடும் ஆட்டம் வராது என்று சில படித்தவர் பேசுவர். அது பெரும் பொய்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், கோயிற் கற்றரையிலும் மரத்தடிப் பாறையிலும் ஆடுபுலி ஆட்டத்துக்குரிய கோடுகள் இன்றும் காணக் கிடக்கின்றன. மூன்று புலி ஒருபுறம். பதினைந்து ஆடு மறுபுறம். அதில் பகடை இல்லை, விதி இல்லை. தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டும். ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று வழியடைத்தால் புலி நகர இடமின்றித் தோற்கும். மாடு மேய்த்தவரும் ஏர் உழுதவரும் கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காயாகக் கொண்டு இதனை ஆடினர். சதுரங்கத்துக்குச் சற்றும் குறையாத முன்னெண்ணம் இதற்கு வேண்டும். இதனை ஆடிய மக்களின் பேரர்களுக்குச் சதுரங்கம் எட்டாக்கனி என்பது எவ்வளவு பேதைமை! பர்மாவில் 1935ஆம் ஆண்டில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். கடல் கடந்த மண்ணில் பிறந்தவர் என்ற வகையில் அவர் நமக்கு இரட்டிப்பு உறவினர்.

இனி, அயர்ச்சியால் வரும் வெறுப்பு ஒன்றுண்டு. பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் 16ஆம் நூற்றாண்டிலேயே, சதுரங்கம் விளையாட்டாக இருக்கப் போதிய விளையாட்டுத் தன்மை இல்லாதது என்றும், நல்ல காரியத்துக்குச் செலவிடத் தக்க கருத்தை அது விழுங்குகிறது என்றும் கூறித் தாம் அதனைத் தவிர்ப்பதாக எழுதினார். ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், 1599ஆம் ஆண்டில் தம் மகனுக்கு எழுதிய அறிவுரை நூலில், களைத்த தலைக்கு ஓய்வு தராமல் மேலும் கவலையை ஏற்றும் ஆட்டம் என்று அதனைக் கடிந்தார்.

அறிஞரும் அரசரும் இவ்வாறு அயர்ந்தனரென்றால், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, பால் நிறுத்து, பிற்பகலில் ஒட்டுப்பால் பொறுக்கி, லயத்துக்குத் திரும்பிய தொழிலாளி அயர்ந்ததில் வியப்பென்ன? தோட்டக் கணக்கேடுகளோடு பழகிய நாம் ஒன்றறிவோம். ஆள் எத்தனை, வெட்டிய மரம் எத்தனை, பால் எத்தனை இராத்தல் என்பவற்றுக்கு ஏட்டில் நிரல் உண்டு; ஆளுக்குக் கிடைத்த ஓய்வு எவ்வளவு என்பதற்கு நிரல் கிடையாது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தபோது, தொழிலாளியின் மாலைப்பொழுது யாருக்கு உரியது என்னும் வினாவும் அக்கிளர்ச்சிக்குள் அடங்கியிருந்தது. கள்ளை விலக்கினால் மட்டும் போதாது. மாலைப்பொழுது மனிதனுக்குச் சொந்தமாக வேண்டும். ஓய்வில்லாதவனிடம் சதுரங்கத்தின் சிறப்பை எடுத்துரைப்பது, பசித்தவனிடம் சுவையைப் பற்றிப் பேசுவதற்கு ஒப்பாகும். அவ் வெறுப்புக்கு மருந்து உபதேசம் அன்று, ஓய்வே.

பொழுது யாருக்கு உரியது என்ற இவ்வினாவே, நாம் இறுதியாகக் கூறப்போகும் வரலாற்றின் உயிர்நாடியுமாகும். அது மீர் சுல்தான் கான் என்பவரின் வரலாறு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாப் மாகாணத்து மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்த சுல்தான் கான், இளமையில் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கம் கற்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். வேறு விதிகளும் மேனாட்டு முறைக்கு மாறானவை. பெருநிலக்கிழாராகிய சர் உமர் ஹயாத் கான் அவருடைய திறமையைக் கண்டு தம் ஆதரவிற் சேர்த்துக்கொண்டு, மேனாட்டு முறையைப் பயிற்றுவித்தார். 1928ஆம் ஆண்டில் சுல்தான் கான் அகில இந்தியப் போட்டியில் வென்றார். 1929ஆம் ஆண்டில் உமர் ஹயாத் கானோடு இங்கிலாந்து சென்றார். சென்ற அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் முதன்மைப் பட்டத்தைக் கைப்பற்றினார். 1932, 1933ஆம் ஆண்டுகளில் அதனை மீண்டும் வென்றார். ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய போட்டியில், முன்னாள் உலக முதல்வரான கப்பபிளாங்காவை வீழ்த்தினார். 1931ஆம் ஆண்டு பிராக் ஒலிம்பியாடில் ரூபின்ஸ்டைன், புளோர் ஆகிய பேராட்டக்காரர்களை வென்று, அப்போதைய உலக முதல்வர் அலெக்கினோடு சமன் செய்தார். அடிமைப்பட்ட நாட்டின் மகன், ஆண்ட நாட்டின் முதற் பலகையில் அமர்ந்து அந்நாட்டுக்காகவே ஆடினார்!

ஆயின், அப்புகழின் உட்புறம் வேறு. ஈரமும் குளிருமான அந்நாட்டில் மலேரியா, சளி, தொண்டை நோய் முதலியன அவரை விட்டபாடில்லை. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டே பல போட்டிகளில் அமர்ந்தார். 1933ஆம் ஆண்டில் உமர் ஹயாத் கானின் இல்லத்தில் விருந்துண்ட அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் பைன், உலகப் புகழ் பெற்ற சுல்தான் கானே தங்களுக்கு உணவு பரிமாற நின்றது கண்டு கூசியதாகப் பின்னர் எழுதினார். அவரை வேலைக்காரர் என்று மேனாட்டார் எழுதியதை அவர் குடும்பத்தார் மறுத்துள்ளனர். அவர் நிலபுலமுடைய மரபில் வந்தவர் என்பர். அதனை நாம் மதிக்கிறோம். வேலைக்காரரோ, ஆதரவு பெற்றவரோ, எப்போது ஆடுவது, எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்பவை அவர் கையில் இருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. 1933ஆம் ஆண்டின் இறுதியில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பியபோது, சுல்தான் கானும் திரும்பினார். உலக முதல்வர்களோடு ஒப்ப எண்ணத்தக்க ஓர் ஆட்டக்காரரின் சர்வதேச வாழ்வு ஐந்தாண்டுக்குள் முடிந்தது.

அதே இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணி 1933ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பெண்கள் முதன்மைப் பட்டத்தை வென்றவர். ஊர் திரும்பியபோது சுல்தான் கான் சிறையினின்று விடுபட்டவர் போன்ற உணர்வு கொண்டார் என்று அவர் பிற்காலத்தில் கூறினார். பின்னர் சுல்தான் கான் தம் நிலத்தில் வேளாண்மை செய்து, 1966ஆம் ஆண்டில் காலமானார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் பயிற்றவில்லை. வாழ்வில் இதனினும் பயனுள்ள வேறொன்றைச் செய்யுமாறு அவர்களுக்குச் சொன்னதாக அவருடைய மகன் தெரிவித்திருக்கிறார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 2024ஆம் ஆண்டில், அவர் மறைந்து 58 ஆண்டுகளுக்குப் பின், அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.

சுல்தான் கான் சதுரங்கத்தை உள்ளூர வெறுத்தாரா என்று முடிவு கூற நாம் யார்? ஆயின், ஆட்டத்தின் உச்சியைக் கண்ட ஒருவர் தம் மக்களுக்கு அதனைப் பயிற்றாமல் விட்டதற்குப் பொறுமைக் குறைவோ, அறிவுக் குறைவோ, தோல்விக் கசப்போ காரணமாக இருக்க முடியாது. பிறர் விருப்பப்படி, பிறர் புகழுக்காக ஆடும்போது விளையாட்டு வேலையாகிறது. தன் விருப்பப்படி எழுந்து போக முடியாதபோது வேலை சிறையாகிறது. வெள்ளைத் துரைமாரின் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உறங்கிய ஒரு தலைமுறையின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனை நாம் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. குகேஷின் வெற்றிக்குப் பின் நம் பட்டணங்களில் பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சதுரங்க வகுப்புகளில் சேர்க்கின்றனர். மிக நன்று. அர்மீனியா நாட்டார் 2011ஆம் ஆண்டு முதல் அதனைத் தொடக்கப் பள்ளிப் பாடமாகவே வைத்துள்ளனர். மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டில் நடந்த உலக ஒலிம்பியாடு தமிழ்ச் சிறுவர் பலருக்கு ஊக்கமூட்டியது. பிள்ளைகள் கற்கட்டும். ஆயின், கோப்பை வாங்கி வரவில்லையென்று முகஞ் சுளிப்பதும், அழுதுகொண்டு எழும் குழந்தையை மீண்டும் பலகை முன் இழுத்து அமர்த்துவதும், அயலார் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசுவதும் கூடா. அங்ஙனம் செய்யும் பெற்றோர், தம் வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு உமர் ஹயாத் கானாக மாறுகின்றனர். அப்பிள்ளை பட்டம் பல பெற்றாலும், ஒருநாள் சிறையினின்று விடுபட்டாற்போலப் பலகையை விட்டு ஓடும்.

ஆகவே, சதுரங்கம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே இகழாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பந்தயத்தை அஞ்சி வெறுக்கின்றாரா? பந்தயத்தை விலக்குங்கள். வீடு மறந்த கணவனால் வெறுக்கின்றாளா? அவளையும் பலகைக்கு அழையுங்கள்; வீட்டுப் பணியிலும் பங்கு கொள்ளுங்கள். அயர்ந்து வெறுக்கின்றாரா? அவருடைய ஓய்வுக்காகப் போராடுங்கள். வலிந்து ஆட்டுவிக்கப்பட்டு வெறுக்கின்றாரா? விட்டுவிடுங்கள், அவ் வெறுப்பு மானமுள்ளவனின் வெறுப்பு. தோல்விக்கு விதியைத் தவிர வேறு காரணம் காணப் பழகாமையால் வெறுப்பாராயின், அவரிடம் மட்டும் அன்போடு வாதிடுங்கள். மீண்டும் ஒருமுறை காய்களை அடுக்கி, தவறிய இடத்தைச் சேர்ந்து தேடுங்கள். தன் தோல்விக்குத் தன்னிடத்திலேயே காரணம் தேடத் துணிந்த ஒருவன், பலகையை விட்டு எழுந்த பின்னும் அத்துணிவை விடமாட்டான். நம் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் இன்று வேண்டுவது அத்தகைய மக்களே.